தறிக்குடோனுக்கு மாறும் முன் நான்கு கையெழுத்து

கோவையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் ஆறு வருடமாக பிளாக் பிரிண்ட் ஸ்டுடியோ நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. மரக்கட்டை அச்சில் சேலை, துப்பட்டா, மேசைவிரிப்பு செய்கிறார். இயற்கைச் சாயமும் போடுகிறார். நான்கு பெண்கள் தினமும் வேலைக்கு வருகிறார்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பு நடக்கிறது. நீராவிப் பெட்டியின் சூடு, சாய வாடை, படியேறி இறங்கும் ஆட்கள் என்று வீட்டுக்காரர் பொறுமை இழந்து, காலி செய்யச் சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில் அப்பாவின் நண்பர் ஒருவர், இவர் ‘மாமா’ என்று கூப்பிடுகிறவர், சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில் ஒரு கிராம ஊராட்சியில் உள்ள பழைய தறிக்குடோனைக் காட்டியிருக்கிறார். 2,800 சதுர அடி. தறிகளை இரண்டு வருடத்துக்கு முன்பே எடைக்குப் போட்டுவிட்டார்கள். வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் இரண்டரை லட்சம். தரை பூச, கழிப்பறை கட்ட, கூரையில் வெளிச்சத் தகடு போட, அலசும் தொட்டி கட்ட, ஒயரிங் மாற்ற எல்லாம் சேர்த்து 7 லட்சம் ஆகும் என்று கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுவதாகத் திட்டம்.

மாமா சொன்னது இது: “நீ எங்கூட்டுப் புள்ள மாதிரி கண்ணு. நமக்குள்ள பத்திரம் கித்திரமெல்லாம் எதுக்கு? பதினொரு மாசத்துக்கு ஒரு பேப்பர் போட்டுக்கலாம்.” தறிச் சர்வீஸ், அதாவது தறிக்கென்று வாங்கிய மின் இணைப்பு, அப்படியே இருப்பதால் கரண்ட் பில்லும் கம்மியாக வரும் என்றிருக்கிறார்.

வாசகி கேட்பவை: பதினொரு மாத ஒப்பந்தம் போதுமா? இரண்டு வருடத்தில் காலி செய்யச் சொன்னால் போட்ட 7 லட்சம் திரும்பக் கிடைக்குமா? மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று படித்தேனே, அது இங்கே செல்லுமா? இயற்கைச் சாயம்தானே, அலசிய தண்ணீரை உறிஞ்சுகுழியில் விட்டால் தப்பா? இத்தோடு, “பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் இடம் நமக்கே வந்துவிடும் என்று என் கணவர் சொல்கிறார், உண்மையா?” என்று தயங்கித் தயங்கி ஒரு கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மத்தியானம் நான்கு மணிக்கு எந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் வரும், பதினெட்டு அடி மேசை இரண்டை எங்கே போடலாம், ஈரத் துணியைக் காயப்போடக் கம்பி எங்கே கட்டலாம் என்று அடி அடியாக அளந்து எழுதியிருக்கிறீர்கள். மாடியில் குனிந்து குனிந்து அச்சு வைத்தவருக்கு அந்த இடத்தைப் பார்த்ததும் மனசு விரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

குடோனைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிய நீங்கள், அது யாருடையது என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: “இடம் இன்னும் மாமாவோட அப்பா பேருலதான் இருக்குங்க, அவர் 2015-ல தவறிட்டார், பாட்டி மாமா கூட இருக்காங்க, ஒரு தம்பி பெங்களூர்ல, ஒரு தங்கச்சி தாராபுரத்துல.” உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் அதிகம் பேசப்போவது இந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

குடோன் மாமா ஒருவருடையது அல்ல

பெரியவர் உயில் எழுதாமல் இறந்திருந்து, அந்த இடம் அவர் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. ஆளுக்குக் கால் பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தால் பங்கின் அளவு மாறலாம். ஆனால் நான்கு பேருக்குமே பங்கு உண்டு. பெண்ணுக்குப் பூர்வீகத்தில் பங்கு இல்லை என்ற காலம் தமிழ்நாட்டில் 1989-லேயே மாறத் தொடங்கிவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் தெளிவாக்கிவிட்டது.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “தங்கச்சிக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே.” சீர் செய்ததால் பங்கு போய்விடாது. எத்தனை பவுன் போட்டிருந்தாலும், கல்யாணத்தை எவ்வளவு பெரிதாக நடத்தியிருந்தாலும் போகாது. அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால் மட்டுமே அது முடிந்த விஷயம். அப்படி ஒரு பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நகல் வாங்குங்கள்.

மாமா மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் தன் பங்குக்குத்தான் வாக்குக் கொடுக்க முடியும். நாளைக்கு பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்து தம்பி பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், “நான் யாருக்கும் வாடகைக்கு விடவில்லை” என்று அவர் சொல்வது சட்டப்படி சரியாகவே இருக்கும். நீங்கள் பூசிய தரை அந்த வழக்கின் நடுவில் மாட்டிக்கொள்ளும். மாமா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பாசமான மனுசர் என்றுதான் தெரிகிறது. ஆனால் பாட்டிக்குப் பிறகு அந்த நிலம் எப்படிப் பிரியும் என்பது அவர் கையில் மட்டும் இல்லையே.

ஆகவே பத்திரத்தில் நான்கு கையெழுத்து வேண்டும். தம்பி பெங்களூரிலிருந்து வர முடியாவிட்டால், இந்த வாடகைக்கென்றே அண்ணன் பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கட்டும். வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை வாங்கிவையுங்கள். பட்டாவில் இன்னும் புஞ்சை நிலமாக இருந்து, கட்டடத்துக்கு அனுமதியே வாங்காமலும் இருந்தால், உங்கள் பெயரில் எந்த உரிமம் கேட்டுப் போனாலும் அங்கே முட்டும்.

அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது இடத்தின் மேல் பதிவாகியுள்ள விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் சான்று. இதற்காக நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து எடுக்கலாம். குறைந்தது முப்பது வருடத்துக்கு எடுங்கள். தறி ஓட்டியவர்களில் வங்கிக் கடன் இல்லாதவர் குறைவு. தறி வாங்க, நூல் வாங்க, கூலி உயராத வருடங்களில் வீட்டை ஓட்ட என்று குடோன் பத்திரத்தை வங்கியில் வைத்தவர்கள் ஏராளம். பத்திரத்தை வைத்து வாங்கிய கடனும் நம் மாநிலத்தில் பதிவாகும் என்பதால் பெரும்பாலும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும்.

அடமானம் இருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி இடத்தைக் கைப்பற்ற வரும். அடமானத்துக்குப் பிறகு வந்த, பதிவு செய்யாத வாடகைதாரருக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. கணபதி பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தார். நான்கு வருடம் ஒரு மாதம் தவறாமல் வாடகை கொடுத்தவர். ஒரு காலையில் ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் இடத்துக்குக் கடன் இருப்பதே அவருக்குத் தெரிந்தது. இயந்திரங்களை எடுத்துக்கொள்ள அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இயந்திரங்களுக்குக் கீழே போட்ட கான்கிரீட் அங்கேயே போயிற்று. அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுவதும் அதனால்தான்.

பதினொரு மாதப் பேப்பரும் 7 லட்சமும்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றுதான் ஊர் முழுக்கப் பதினொரு மாதம் போடுகிறார்கள். அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் பதினொரு மாதம் முடிந்த மறுநாள் நீங்கள் அங்கே இருப்பதற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

உற்பத்தித் தொழிலுக்கு வாடகை என்றால் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லலாம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 106-வது பிரிவில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை வருடத்துக்கு வருடம் ஓடும் வாடகைக்கு உரியது. அந்த வகை வாடகை பதிவுப் பத்திரத்தின் மூலம்தான் உருவாக முடியும் என்று அடுத்த பிரிவே சொல்லிவிடுகிறது. பதிவு இல்லாவிட்டால் நீதிமன்றம் அதை மாத வாடகையாகத்தான் பார்க்கும். அதற்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். 7 லட்சத்தைப் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் நோட்டீஸில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குச் சரிப்படாது.

போட்ட பணம் திரும்ப வருமா என்ற கேள்விக்கு, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் வராது என்பதே பதில். வாடகைதாரர் தன் வசதிக்காகச் செய்த வேலைக்குச் சொந்தக்காரர் ஈடு தர வேண்டும் என்று சட்டம் தானாகச் சொல்வதில்லை. கழற்றி எடுக்கக்கூடியதை இடத்தைக் காலி செய்வதற்குள் எடுத்துக்கொள்ளலாம், இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் விட்டுப்போனால் சரி. மேசை, நீராவிப் பெட்டி, மின்விசிறி, பிளாஸ்டிக் தொட்டி எல்லாம் உங்களுடையது. பூசிய தரையையும் கட்டிய கழிப்பறையையும் எடுத்துக்கொண்டு போக முடியாது. நிரந்தரமாக எதையும் கட்டுவதற்கு முன் சொந்தக்காரர்களின் சம்மதத்தை வாங்க வேண்டும் என்பதும் சட்டமே, அதை எழுத்தில் வாங்குங்கள்.

இதைத் தீர்க்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஆறு வருடத்துக்குப் பதிவு ஒப்பந்தம் போடுங்கள். 7 லட்சத்தை 72 மாதத்துக்கு வகுத்தால் மாதம் சுமார் 9,720 ரூபாய். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் அவர்கள் முன்கூட்டிக் காலி செய்யச் சொன்னால், மீதமுள்ள மாதங்களை இந்த 9,720-ஆல் பெருக்கித் தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் எழுப்பினால் 48 மாதம் மிச்சம், ஏறக்குறைய 4 லட்சத்து 67 ஆயிரம் உங்களுக்கு வரும். ஆறு வருடமும் இருந்துவிட்டால் ஒரு ரூபாயும் கேட்கமாட்டீர்கள், தரையும் கழிப்பறையும் அவர்களுக்கு. நியாயமான கணக்கு. மாமாவிடம் தாளில் போட்டுக் காட்டலாம். கொத்தனார் பில், எலக்ட்ரிக்கல் பில் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

முதல் மூன்று வருடம் அவர்கள் எழுப்பக்கூடாது. நீங்கள் மட்டும் மூன்று மாத நோட்டீஸில் போகலாம். மூன்று வருடம் கழித்து வாடகை 10 சதவீதம் உயரலாம். இப்படி எழுதலாம். வாடகையும் அட்வான்ஸும் சேர்த்த மொத்தத் தொகையில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். உங்கள் கணக்குக்கு இரண்டும் சேர்ந்து 40,000 ரூபாய்க்குள் அடங்கும். கொஞ்சம் வலிக்கும் தொகைதான். கொத்தனார் கணக்கில் கழிப்பறைக் கதவும் டைல்ஸும் ஏறக்குறைய இவ்வளவு வரும்.

மூன்று மாத அட்வான்ஸ் பற்றி நீங்கள் படித்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தில் இருப்பது. அது நகர்ப்புறங்களுக்கானது. உங்கள் குடோன் கிராம ஊராட்சியில் இருப்பதால் அந்தச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. நகரத்திலேயே கூட, இருவரும் வேறு விதமாக எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது. உங்களுக்கு ஒப்பந்தம்தான் கவசம். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டரை லட்சம் கிட்டத்தட்ட பதினொரு மாத வாடகை. ஆறு மாதத்துக்குக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், நீங்கள்தான் கட்டடத்துக்கே 7 லட்சம் போடப்போகிறீர்களே.

தறிச் சர்வீஸைத் தொடாதீர்கள்

விசைத்தறிக்கு அரசு தரும் சலுகைக் கட்டணம் தறிக்கு மட்டும். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட் ஆனது நெசவாளர்களின் கஷ்டத்துக்காக. தறியே இல்லாத குடோனில் அந்தச் சர்வீஸில் உங்கள் நீராவிப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் ஓடினால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் அது அனுமதியில்லாத பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். சர்வீஸ் பெரியவர் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் அந்த வீட்டுக்குத்தான் போகும். பாட்டி கையில் அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் உங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உறவு என்ன ஆகும் என்று யோசியுங்கள். தறிகள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது, சர்வீஸ் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதே ஒரு தலைவலி. அதை மாற்றச் சொல்வது அவர்களுக்கும் நல்லது.

மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் உங்கள் வேலை என்ன, எத்தனை கிலோவாட் தேவை, ஞாயிறு வகுப்பு நடக்கும் என்பதையெல்லாம் சொல்லி, எந்தக் கட்டண வகை என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் மாற்றமும் வகை மாற்றமும் முடிந்த பிறகு மெயின் சுவிட்சைப் போடுங்கள். பழைய தறிக்குடோன் ஒயரிங் பஞ்சுத் தூசியில் ஊறியது. முழுசாக மாற்றுவது என்ற உங்கள் முடிவு சரியானது, அதில் காசு குறைக்காதீர்கள்.

சாயத் தண்ணீர்

இதில் நீங்கள் நினைத்திருப்பது தவறு என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். இயற்கைச் சாயம் என்பதால் தண்ணீர் சுத்தம் ஆகிவிடாது. கடுக்காயும் மஞ்சிட்டியும் மண்ணில் மக்கும், உண்மை. ஆனால் சாயம் பிடிக்க நீங்கள் போடும் படிகாரம், இரும்புக் கரைசல், அவுரித் தொட்டியில் போடும் காரம் இவையெல்லாம் தண்ணீரோடு போய் உறிஞ்சுகுழி வழியாக நிலத்தடியில் சேரும். பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்கள் வரைபடத்தில் இல்லை. அளந்து பாருங்கள். 1974-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டப்படி, கழிவுநீர் வரும் தொழிலைத் தொடங்கும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். சாயம் என்ற சொல்லைக் கேட்டாலே வாரியம் மிகக் கடுமையான வகையில்தான் வைத்துப் பார்க்கும். ஆற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசு தரும் தொழில் கூடாது என்று 1989-லேயே அரசாணை இருக்கிறது. நொய்யல் உங்கள் குடோனுக்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்.

இது வெறும் உரிமப் பிரச்சினை அல்ல. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது. அதில் சாயக்கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலைமை வந்தது. நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான். அந்த ஊர்க்காரர்கள் தென்னை பட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவர்கள். உங்கள் குழியிலிருந்து நீல நிறத்தில் ஒரு வாளித் தண்ணீர் வெளியே வந்தால் போதும், “இது இயற்கைச் சாயம்” என்று நீங்கள் விளக்கம் சொல்வதை யாரும் நின்று கேட்கமாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

என் யோசனை இது. குடோனில் அச்சு வைப்பது, தைப்பது, வகுப்பு எடுப்பது மட்டும். சாயம் போடுவதையும் அலசுவதையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த, வாரிய இசைவு உள்ள ஒரு பட்டறையில் ஜாப் ஒர்க்காகக் கொடுங்கள். உங்கள் அளவுக்குச் சின்னச் சின்ன லாட் எடுக்கிறவர்களைத் தேடிப் பிடிக்க அலைச்சல் ஆகும், நிறத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சாயம்தான் உங்கள் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது கேட்கக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். சாயத்தை விடவே முடியாது என்றால், இடத்தை முடிவு செய்யும் முன் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், தினம் எத்தனை லிட்டர், என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். முடியாது என்று அவர்கள் சொன்னால் அந்த இடம் உங்களுக்கான இடம் இல்லை. அலசும் தொட்டி கட்டும் செலவும் மிச்சம்.

சின்னதாகச் சில

கூரை சிமெண்ட் சீட் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய சீட் என்றால் கல்நார் கலந்ததாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்காக அதில் ஓட்டை போடவோ அறுக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து வேலையைக் காட்டும். அடியில் உட்கார்ந்து வேலை செய்யப்போவது நீங்களும் அந்த நான்கு பெண்களும். வேண்டிய இடத்தில் முழுச் சீட்டையும் நனைத்து, உடையாமல் கழற்றிவிட்டு, கண்ணாடி இழைத் தகட்டை முழுசாகப் பொருத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மாமா வீட்டில் யாருக்கும் பதிவு இல்லை. 2024 அக்டோபர் 10 முதல் இப்படிப்பட்ட கடை, குடோன் வாடகைக்கு 18 சதவீத வரியை வாடகைதாரரே கட்ட வேண்டும். உங்களுக்கு மாதம் 3,960 ரூபாய். நீங்கள் சிறு வணிகருக்கான தொகுப்புத் திட்டத்தில் இல்லாததால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கையிலிருந்து முதலில் போகும். முகவரி மாறிய பதினைந்து நாளுக்குள் ஜிஎஸ்டியில் திருத்துங்கள், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவிலும் மாற்றுங்கள். தீ விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் அது பழைய முகவரிக்கானது. துணியை ஏற்றும் முன்பே புது முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் வைக்கவும் தொழில் நடத்தவும் ஊராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். நான்கு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்பதால் ‘தொழிற்சாலை’ என்ற சட்டக் கணக்குக்குள் நீங்கள் வரமாட்டீர்கள்.

பன்னிரண்டு வருடக் கதை: வாடகைதாரர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். சொந்தக்காரரின் அனுமதியோடு உள்ளே போனவருக்கு அனுபவ பாத்தியதை வராது. கணவரிடம் இதைச் சொல்லுங்கள், மாமா காதில் அந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வீட்டைப் பொறுத்தவரை, உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களை வெளியேற்ற முடியாது. வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் குடியிருக்க வாங்கிய வீட்டில் தொழில் நடத்துவது அவர் கையில் இருக்கும் வலுவான காரணம். அதனால் சண்டைக்குப் போகாமல், ஆவணி கடைசிவரை அவகாசம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எப்படி முடிவு செய்வது

ஆனி கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆடியில் எப்படியும் குடி மாறமாட்டீர்கள். அந்த ஒரு மாதத்தை முழுக்கக் காகிதத்துக்குக் கொடுங்கள். முதல் வாரம் வில்லங்கச் சான்றும் பட்டாவும். இரண்டாம் வாரம் மின்வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம். அதற்குள் மாமாவிடம் பேசி, தம்பிக்கும் தங்கைக்கும் அவரே தகவல் சொல்லட்டும்.

மாமாவிடம் எப்படிக் கேட்பது என்று நீங்கள் தவிப்பது புரிகிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “மாமா, நகையை வெச்சுத்தான் பணம் போடறேன், பேங்க்ல கேக்கறாங்க, ஆடிட்டர் கேக்கறார்” என்று மற்றவர் மேல் பழியைப் போடாதீர்கள். “ஏழு லட்சம் போடறேன் மாமா. நாளைக்கு உங்க பங்காளிகளுக்குள்ள ஒரு பேச்சு வந்தா, என்னால உங்களுக்குச் சங்கடம் வரக்கூடாது. பாட்டி, சித்தப்பா, அத்தை எல்லாரும் கையெழுத்துப் போட்டா எனக்கும் தைரியம்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கொங்கு நாட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சைப் பலமுறை நானே பேசியிருக்கிறேன். முதலில் முகம் சுருங்கும். தங்கை பெயரை எடுத்தால் இன்னும் சுருங்கும். கணக்குத் தாளைக் காட்டியதும் பெரும்பாலானவர்கள் இறங்கிவருவார்கள்.

நான்கு கையெழுத்தும் வந்து, வில்லங்கமும் சுத்தமாக இருந்தால், ஆவணியில் தாராளமாகப் போங்கள். 22,000 ரூபாய்க்கு அந்த இடம் நல்ல இடம். கையெழுத்து இழுபறியாக இருந்தால் இடத்தை உடனே விட்டுவிட வேண்டாம். குடோனில் பாதியை மட்டும் குறைந்த அட்வான்ஸில் பதினொரு மாதத்துக்கு எடுங்கள். கழற்றி எடுத்துப்போக முடிகிற பொருளுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். மடக்கும் மேசை, சக்கரம் வைத்த அலமாரி, மேலோடு ஓடும் ஒயரிங். அதைக்கூட முறையான மின் இணைப்பு கிடைத்த பிறகுதான் செய்ய வேண்டும். தரையையும் கழிப்பறையையும் தள்ளிப்போடலாமா என்றால், தரையைத் தள்ளலாம். நான்கு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை முதல் நாளே வேண்டும். அதைக் கட்டித் தருவது சொந்தக்காரர் பொறுப்பு என்று பேசுங்கள்.

தங்கை கையெழுத்துப் போட மறுத்தாலோ, வங்கி அடமானம் இருந்து சம்மதக் கடிதம் வராவிட்டாலோ, வேறு இடம் பாருங்கள். அரசின் சிறுதொழில் கழகமான சிட்கோவின் எஸ்டேட்டில் குடோன் கிடைத்தால், ஒதுக்கீடு பெற்றவர் உங்களுக்கு உள்வாடகைக்கு விட சிட்கோவின் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்று கைக்கு வரும்வரை நகையை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். அதில் ஏதாவது பதிவு இருந்து புரியாவிட்டால் நகலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.